கடலைத் தொட்ட மடக்குப் பலகை

பூமயிலின் தையல் மெஷினுக்கு ஆசாரி சுந்தரலிங்கம் கீல் வைத்து மாட்டிக் கொடுத்த மடக்குப் பலகை, தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தினால் இரண்டு முழம், கட்டையை எடுத்துவிட்டால் மெஷினின் இடுப்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடக்கும், அவ்வளவுதான். அது வளரும் என்று ஆசாரியும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வைகாசியில் மாட்டியது, ஆனி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை வளர்ந்தது. அன்றைக்குக் கருங்காணிப்பட்டினத்தில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. காலையில் தண்ணீர் லாரி வந்தது, பத்து மணிக்குக் கரண்டு போனது, பதினொன்றுக்கு வந்தது.

பலகை அவளுக்கு எதற்கு என்றால், பாய் தைக்கத்தான். ஆவணியில் செல்லியம்மன் திருவிழாவுக்குப் பாய் கட்டிய படகுகளைப் போட்டிக்கு விடுவார்கள், தெருவுக்கு ஒரு படகு, அவள் இருந்த மேலத்தெருவுக்கு அவள் தம்பி நம்புராஜனின் படகு. அந்தப் படகு இரண்டு வருஷமாகக் கடைசியில் வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் கடைசியில் வந்தால் அந்தத் தெருப் படகு அடுத்த மூன்று திருவிழாவுக்கும் கரையில் கிடக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. தெருக்காரர்கள் நம்புராஜனின் கையைக் குறை சொன்னார்கள், காற்றைக் குறை சொன்னார்கள், படகுக்குப் பூசின எண்ணெயைக் கூடக் குறை சொன்னார்கள். பூமயிலுக்கு மட்டும் உண்மை தெரியும். இருபது முழ நீளத்தில் ஏழு காடாத் துண்டுகளை ஒன்றோடொன்று மூட்டினால்தான் ஒரு பாய்; அத்தனை துணியும் மெஷின் விளிம்பைத் தாண்டித் தரையில் சரிந்து தன் கனத்தாலேயே இழுக்கும்போது ஊசி ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும், மூட்டு சுருங்கும், சுருங்கிய இடத்தில் பாய் காற்றை வாங்காமல் வழியவிட்டுவிடும். தோற்றது தம்பி, தோற்கடித்தது தன்னுடைய தையல் என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆசாரியிடம் மட்டும், துணியைத் தாங்கிக்கொள்ள ஒரு பலகை வேண்டும் என்று சொன்னாள்.

அவள் வீடு தெருக்குத்து வீடு. இந்தப் பக்கம் இருபத்திமூன்று, அந்தப் பக்கம் இருபத்திமூன்று வீடு நிற்க, நடுவில் ஓடுகிற மணல் தெரு ஒரு முனையில் கடலிலும் மறுமுனையில் அவள் வாசலிலும் போய் முட்டும். புருஷன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு மாசத்துக்கு ஒரு தரம் வந்து போவான். இருக்கிற ஒரே அறையில் இரும்புக்கால் மெஷின் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது, ஆகவே பலகையைத் தூக்கினால் அது நிலைப்படியைத் தாண்டித் தெருவுக்குள் மூக்கை நீட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நம்புராஜன் மீன்பிடிப் படகின் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இதக் கழட்டணும். மண்ணுல வச்சா மண்ணு ஏறிக்கிரும். செத்த நேரம் பலகையில வச்சுக்கிறேன்."

"வை. சாயங்காலம் எடுத்துரணும், பாயி தைக்கணும்" என்றாள் பூமயில்.

அவன் பேப்பரை விரித்து எஞ்சினை வைத்தான். தூங்குகிறவன் காலை நீட்டிக்கொள்வது போலப் பலகை மெதுவாக முன்னால் போனது, சரியாக எஞ்சின் அகலத்துக்குப் போனது, நின்றது. அடியில் புதிதாக ஒரு கால் முளைத்து மணலில் ஊன்றிக்கொண்டது.

"எடம் வந்துருச்சுக்கா" என்றான் நம்புராஜன், நட்டைக் கழற்றிக்கொண்டே.

சாயங்காலம் அவன் எஞ்சினை எடுக்கவில்லை. ஒரு வாஷர் வர வேண்டியிருந்தது, ராமநாதபுரத்தில் இல்லை, மதுரையில் சொல்லியிருந்தது.

மறுநாள் எதிர்வரிசை சேதுராக்கு கருவாட்டுத் தட்டோடு வந்தாள். "ஏத்தா மயிலு, ஆடு வாய வைக்கிது. செத்த நேரம் வச்சுக்கிறேன்" என்றாள். பூமயில் "வைங்க மதினி" என்றாள். பலகை தட்டகலத்துக்கு நீண்டது. அடுத்த வீட்டிலிருந்து அப்பளம் வந்தது, அதற்கடுத்த வீட்டிலிருந்து ஊறவைத்துப் பிழிந்த போர்வை வந்தது, டியூஷன் நடத்துகிற டீச்சர் பிள்ளைகளை இரண்டு பக்கமும் வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தாள். கேரம் போர்டு வந்தது, மாவரைக்கிற கிரைண்டர் வந்தது, வலை பிரிக்கிறவர்கள் வலையோடு வந்தார்கள், எல்லோரும் செத்த நேரத்துக்குத்தான் வந்தார்கள். பூமயிலுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. வாசலில் வந்து கையில் சாமானோடு ஒருத்தி நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகை ஒவ்வொரு சாமானுக்கும் அளவெடுத்த மாதிரி வளர்ந்தது. அவளுடைய பாய்த் துணிக்கென்று மட்டும் ஒரு விரற்கடை கூட விடவில்லை, ஏனென்றால் வளர்வதென்னவோ கடல் பக்கம், நிழல் இருப்பது அவள் வாசல் பக்கம், புதிதாக முளைத்த இடத்தை வெயிலுக்கு விட்டுவிட்டு எல்லாரும் சாமானை நிழலுக்கு நகர்த்தினார்கள்.

ஆடி பாதியில் அது இருபதாவது வீட்டைத் தாண்டியது. தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. இடப்பக்கத்து வீட்டுக்காரர்கள் வலப்பக்கத்துக்குப் போக வேண்டுமானால் குனிந்து அடியில் நுழைந்து போனார்கள், குனிய முடியாத பெரியவர்கள் போன் போட்டுப் பேசிக்கொண்டார்கள், மாசமாக இருக்கிறவர்களுக்கு மட்டும் சுற்றிப் போவதற்குக் கடற்கரைப் பக்கம் ஆட்டோ சொல்லிவைத்தார்கள். தபால்காரர் நாற்பத்தாறு வீட்டுக்கும் ஒரே நடையில் கடிதங்களைப் பலகை மேலேயே வைத்துக்கொண்டு போனார். பதினெட்டாவது வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தப் பந்தி அதில்தான் நடந்தது, நூற்றிருபது இலை, ஒரே வரிசை. அந்தப் பந்தியில் சாம்பார் வாளி தள்ளியதில் பாய்த் துணியின் இரண்டாவது துண்டு மஞ்சளானது, யாரோ ஒருத்தர் "துவைச்சாப் போயிரும்த்தா" என்றார். கடைசி வீட்டுக் கிழவர் இறந்தபோது குளிப்பாட்டிக் கிடத்தியதும் அதன் மேல்தான், அன்றைக்கு மட்டும் கேரம் விளையாடவில்லை. பஞ்சாயத்திலிருந்து வந்த இரண்டு பேர் டேப் வைத்து அளந்துவிட்டு, சிமெண்டு ரோடு போடுவதானால் பலகைக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்று எழுதிக்கொண்டு, பலகை மேல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆச்சரியம் யாருக்கும் இல்லை. பூமயிலுக்கும் இல்லை, அவளுக்கு எரிச்சல்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தன் பலகை போகிறது, அதில் தன் துணியை விரிக்க இடமில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் புளித்த மாவு மாதிரி ஏதோ பொங்கிவரும், அதை அவள் விழுங்கிவிட்டு இன்னொருத்திக்கு "வைங்க" என்பாள். தரையில் உட்கார்ந்து கையால் தைத்துப் பார்த்தாள், மூட்டு பிடிக்கவில்லை. கடற்கரை மணலில் துணியை விரித்து அளந்து பார்த்தாள், துணியோடு வந்த மணல் மெஷினுக்குள் போய்ப் பல்லைக் கடித்தது. கருவாட்டுத் தட்டுகளின் மேலேயே துணியை ஏற்றித் தைத்துப் பார்த்ததில் ஒரு முள் குத்தி ஊசி முறிந்தது, தைத்த நாலு முழமும் மேடும் பள்ளமுமாகச் சுருங்கி நின்றது. உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள்.

ஆசாரி சுந்தரலிங்கத்தைக் கூட்டி வந்து, "அண்ணே, எனக்கு ரெண்டு மொழம் போதும், மிச்சத்த அறுத்துருங்க" என்றாள்.

அவர் ரம்பத்தை எடுப்பதற்குள் பக்கத்துக்கு ஐந்து பேராகக் கூடிவிட்டார்கள். "எதுக்கு அறுக்கணும்? பச்சப்புள்ளைக படிக்கிற எடம்" என்றாள் சேதுராக்கு. ஆசாரி குனிந்து கீலைத் தட்டிப் பார்த்தார், மரத்தை முகர்ந்து பார்த்தார், கட்டையை ஆட்டிப் பார்த்தார். "கீலு போட்டது என் வேல. வளந்தது என் வேலையில்ல" என்று சொல்லிவிட்டு, தன் ரம்பப் பையைச் செத்த நேரம் பலகையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பலகை ரம்பத்துக்கும் நீண்டது.

அப்புறம்தான் தெருக் கமிட்டித் தலைவர் கருமலையான் தலையிட்டார். நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எதையும் பங்கு போட்டுவிடுவார். பெரிய அட்டையில் கட்டம் போட்டு, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை எத்தனை மணி என்று எழுதித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினார். பூமயில் தேடிப் பார்த்தாள். புதன்கிழமை, மூன்று முதல் நான்கு, பூமயில், பாய்.

"அண்ணே, பலகை என்னதுண்ணே."

"ஒன்னதுதான்த்தா, யாரு இல்லேன்னா? அதான் வெயிலு தாழுற நேரமாப் பாத்துப் போட்டிருக்கேன்."

"ஒரு மணி நேரத்துல என்னண்ணே தைக்கிறது? போட்டிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. படகு இந்தத் தெருப் படகுண்ணே."

"தெருப் படகுன்னா தெரு பொறுப்பெடுக்காதா? நீ கவலப்படாத" என்றார் கருமலையான், பொறுப்போடு.

புதன்கிழமை மூன்று மணிக்கு அவள் துணியோடு உட்கார்ந்தால், எடுக்க வேண்டியவர்கள் மூன்றரைக்கு வந்து சாமானை ஒரு சாண் நகர்த்திவிட்டுப் போவார்கள். முழுசாக எடுக்கச் சொன்னால் ஒவ்வொருத்தரும் ஒரே பதிலை வைத்திருந்தார்கள். "நான் எடுத்துருவேன் மயிலு. நான் எடுத்த எடத்துல அவ கொண்டாந்து வச்சுருவா. அவள எடுக்கச் சொல்லு, எடுக்குறேன்" என்பாள் சேதுராக்கு. பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால் அவள் சேதுராக்கைக் கை காட்டுவாள். இப்படி நாற்பத்தாறு வீடும் அடுத்த வீடு எடுக்கட்டும் என்று, இடத்தைப் பிடித்துவைப்பதற்காகவே, உடைந்த குடையையும் வெறும் டப்பாவையும் கூடக் கொண்டுவந்து பலகையில் வைத்தார்கள். பலகை தெருவின் கடைசி வீட்டையும் கடந்து, ஈரமணலில் கால் ஊன்றி, ஆவணி முதல் வாரத்தில் கடலைத் தொட்டது. அன்றைக்கு அலையில் ஒதுங்கிய நண்டுகள் நடந்து வந்து பலகையின் முனையில் ஏறி உட்கார்ந்தன. அவற்றுக்கும் கொஞ்சம் நீண்டது.

போட்டிக்கு முதல் நாள் ஆறு மூட்டில் நாலு மூட்டுதான் முடிந்திருந்தது. பூமயில் வீடு வீடாகக் குனிந்து நுழைந்து போய், இன்றைக்கு ஒருநாள் மட்டும் எடுத்துக்கொடுங்கள் என்று கேட்டாள். எல்லாரும் "இதோ எடுத்துர்றேன்" என்றார்கள். சாயங்காலம் வரை வாசலில் நின்று பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நம்புராஜன் வந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தான்.

"பாயி எங்கக்கா?"

"முடியல."

"மூணு மாசமா என்னக்கா செஞ்ச?"

அவளுக்கு அழுகை வரவில்லை, அழுகையை விடக் கெட்டதாக ஒன்று வந்தது. "மூணு மாசமா ஒன் எஞ்சினப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தா கெடக்கு பாரு. மொதல்ல வச்சது நீதான்."

நம்புராஜன் பார்த்தான். மெஷினுக்குப் பக்கத்திலேயே, அவள் கை படுகிற தூரத்தில், மதுரையிலிருந்து இன்னும் வராத வாஷருக்காக எஞ்சின் பிரித்தது பிரித்தபடி கிடந்தது. அவன் பரணில் கிடந்த பழைய பாயை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடலை நோக்கிப் போனான்.

தெரு முழுக்கக் கரைக்குப் போய்விட்டது. கதவுகள் சாத்திக் கிடந்தன. பூமயில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகைமேல் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தாள். கருவாட்டுத் தட்டுகள் பதினாலு, சேதுராக்கு வாசலில் அடுக்கினாள். கிரைண்டரை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அதற்குரிய வாசலில் வைத்தாள். கேரம் போர்டு, போர்வைகள், வலைகள், வாய்ப்பாட்டுப் புத்தகங்கள், ஆசாரியின் ரம்பப் பை, உடைந்த குடைகள், டப்பாக்கள், எது யாருடையது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், மூன்று மாசமாக அவற்றைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை மட்டும் தன் வாசலில் மணலிலேயே இறக்கினாள், மண் ஏறினால் ஏறட்டும் என்று. கடல் முனையில் உட்கார்ந்திருந்த நண்டுகளைக் கையைத் தட்டி விரட்டினாள். முடித்து நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, கரையில் கொட்டு முழங்கியது, படகுகளை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

தெரிந்தும் அவள் போய் மெஷினில் உட்கார்ந்தாள். பாயை விரித்தாள். முதல் தடவையாக அது முழுசாக, மடிப்பில்லாமல், தொங்கலில்லாமல் தன் பலகை மேல் கிடந்ததைப் பார்த்தாள். மிதித்தாள். துணி தானாக வந்தது. எதுவும் இழுக்கவில்லை, எதுவும் பிடிக்கவில்லை, ஊசி போன வழியிலேயே துணியும் போனது, இருபது முழமும் கோடு கிழித்த மாதிரி விழுந்தது. ஐந்தாவது மூட்டு முடிந்தது. இவ்வளவுதானே, இது மட்டும்தானே நான் கேட்டது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நூலை அறுத்தபோது கரையில் வேறொரு தெருவின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

தெருக்காரர்கள் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கருமலையான் முன்னால் வந்தார்.

"கடைசிதான்த்தா. பழைய பாயி காத்தே வாங்கல. இனி மூணு வருசம் நம்ம தெருவுக்குப் படகு இல்ல. நீ கொஞ்சம் வெரசாத் தச்சுருக்கலாம்" என்றார்.

"எம்புட்டு நாளு இருந்துச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது.

"பொம்பளைக்குப் பொறுப்பு வேணும்ல" என்று இன்னொரு குரல் சொன்னது.

தெருக்காரர்கள் அதற்குள் தங்கள் வாசல்களில் சாமான் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பலகையில் இருபது முழத்துக்கு வெள்ளையாக விரிந்து கிடந்த துணியைப் பார்த்த சேதுராக்கின் முகம் தெளிந்தது.

"விரிப்பு நல்லாருக்கே மயிலு. செத்த நேரம் வச்சுக்கிறேன்" என்று கருவாட்டுத் தட்டைப் பாயின் மேல் வைத்தாள். மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள். கடல் முனையில் பலகை ஒரு சாண் நீளுகிற சத்தம் கேட்டது.

பூமயில் மெஷினுக்கு அடியில் குனிந்தாள். ஆசாரி முதல் நாள் கொடுத்த கட்டை அங்கே அப்படியே இருந்தது. அத்தனை கால் முளைத்திருந்தும் கடல்வரை போன அந்தப் பலகை நின்றதெல்லாம் இந்த ஒரு கட்டையில்தான், அதைத் தெரு மறந்திருந்தது, அவளும் மறந்திருந்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க சாமானத் தூக்கிக்கங்க" என்றாள்.

"ஏத்தா, இப்பத்தான வச்சோம்" என்றார் கருமலையான்.

"தூக்கிக்கங்கண்ணே. வைக்கக் கூடாது."

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை என்பதால் நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும் பதறிப்போய்ச் சாமான்களை வாரிக்கொண்டார்கள். அவள் பாயைத் தன் பக்கம் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கட்டையைப் பிடுங்கினாள். கடல் முனையிலிருந்து ஒவ்வொரு காலாக மடங்கியது, ஒவ்வொரு சாணாகப் பலகை உள்ளே வந்தது, கிழவரைக் கிடத்திய இடம், பந்தி நடந்த இடம், கேரம் ஆடிய இடம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி வந்து, கடைசியில் இரண்டு முழப் பலகையாக மெஷினின் இடுப்பில் தட்டென்று தொங்கியது. தெரு வெறும் மணலாகக் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் ஜனங்கள் தட்டும் கிரைண்டரும் குடையும் டப்பாவுமாக, எங்கே வைப்பதென்று தெரியாமல், கை நிறையப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நேராகப் பார்த்தே மூன்று மாசம் ஆகியிருந்தது.

பூமயில் பலகையை மறுபடி தூக்கிக் கட்டை கொடுத்தாள். இரண்டு முழம்தான் நின்றது. ஆறாவது மூட்டுக்குத் துணியை ஊசிக்கடியில் வைத்தாள். இத்தனை துணிக்கு இரண்டு முழம் எந்த மூலைக்கு, பாய் விளிம்பில் சரிந்து, வாசலைத் தாண்டி மணலில் விழுந்து இழுத்தது. இரண்டு அங்குலம் தைப்பதற்குள் சுருங்கியது. பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி சுருங்கியது.

"இனி யாருக்கு மயிலு பாயி? போட்டிதான் முடிஞ்சிருச்சே" என்றாள் சேதுராக்கு, தட்டைப் பிடித்த கை வலிக்க.

பூமயில் சுருங்கிய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நம்புராஜன் எல்லாருக்கும் கடைசியாக வந்தான். தோளில் ஈரப் பாய் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக வைக்கிற இடத்தைத் தேடி ஒரு நிமிஷம் நின்றான், பலகை இல்லை, மணலில் தன் எஞ்சின் கிடந்தது, மண் ஏறியிருந்தது. அக்காவைப் பார்த்தான். ஈரப் பாயைக் கழற்றி எஞ்சின் பக்கத்திலேயே போட்டான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தரையில் விழுந்து கிடந்த புதுப் பாயின் கனத்தை அள்ளி இரண்டு கையிலும் தாங்கி, பலகை மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"தையிக்கா" என்றான்.

துணி இழுப்பது நின்றது. பூமயில் மிதித்தாள், அவன் ஊசியின் ஓட்டத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தான், மூட்டு நேராக விழுந்துகொண்டே வந்தது. இருபது முழம் முடிகிறபோது அவன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். அவள் நூலை அறுத்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள், ஒரு சுருக்கம் இல்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நேத்துப் புடிச்சிருக்கலாம்லடா" என்றாள்.